இரட்சிக்கப்பட்டீர்களா? ஒரு கேள்விக்குச் சபைகள் தரும் பல பதில்கள்

கோலாலம்பூரில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் கல்யாணமோ துக்கமோ நடந்தால், கூடுகிறவர்கள் எல்லாரும் ஒரே சபையைச் சேர்ந்தவர்களாக இருப்பது அபூர்வம். பெரியப்பா, புடு புனித அந்தோணியார் ஆலயத்தில் காலங்காலமாகப் பூசை காண்கிறவர். சித்தி, பிரிக்பீல்ட்ஸ் தமிழ் மெதடிஸ்ட் சபையின் மாதர் சங்கத்தில் இருப்பவர். மருமகன், அதே வட்டாரத்துச் சீயோன் லுத்தரன் பேராலயத்தில் திடப்படுத்தல் பெற்றவர். தம்பி மகள், கடைவீட்டு மேல்மாடியில் கூடும் ஒரு பெந்தெகொஸ்தே சபையில் பாடல் குழுவை நடத்துகிறவள். பந்தி முடிந்து பேச்சு நீளும்போது அந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும்: "பெரியப்பா, நீங்கள் இரட்சிக்கப்பட்டுவிட்டீர்களா?"

"ஆண்டவர் இரக்கம் வைத்தால் கரையேறுவேன் அம்மா" என்பார் அவர். அவள் முகம் வாடிவிடும். பாவம், இத்தனை வயதாகியும் நிச்சயமில்லையே, இன்னும் தன் புண்ணியக் கணக்கைத்தானே நம்பிக்கொண்டிருக்கிறார் என்று நினைப்பாள். இவருக்கோ, தானே தீர்ப்பு எழுதிக்கொள்ளும் துணிச்சல் இந்தச் சின்னப் பெண்ணுக்கு எங்கிருந்து வந்தது என்று தோன்றும். இருவரும் ஒருவரையொருவர் தவறாகப் புரிந்துகொண்டு எழுந்து போவார்கள்.

ஞாயிறு பள்ளி நாள்களிலிருந்து இரண்டு வாக்கியங்களைக் கேட்டே வளர்ந்தவன் நான். "கத்தோலிக்கர்கள் நற்செயலால் மோட்சத்தைச் சம்பாதிக்கப் பார்க்கிறார்கள்" என்பது ஒன்று. "அவர்களுக்கு நம்பிக்கை மட்டும் போதும், பிறகு எப்படி வாழ்ந்தாலும் கவலையில்லை" என்பது எதிர்ப்பக்கத்துப் பதில். இரண்டுமே தவறு. சம்பந்தம் பேசும் இடத்திலும் சாவு வீட்டிலும் மனக்கசப்பை மூட்டிவிடுகிற தவறு. மனிதன் தன் முயற்சியால் மட்டும் கடவுளை எட்டிவிடலாம் என்று பழைமையான எந்தச் சபையும் போதிப்பதில்லை. கிருபைதான், அதாவது கடவுள் இலவசமாகத் தரும் அருள்தான், முதலில் வருகிறது என்பதில் எல்லாரும் ஒரே பக்கம். அந்தக் கிருபை மனிதனுக்குள் என்ன செய்கிறது, அதற்கு அவன் சம்மதிப்பது யாருடைய செயல், தான் அதைப் பெற்றுவிட்டதை அவன் உறுதியாக அறிய முடியுமா என்கிற இடங்களில்தான் வழிகள் பிரிகின்றன.

இந்த வழக்கின் முதல் பெரிய விசாரணை ஐந்தாம் நூற்றாண்டில் நடந்தது. பிரிட்டனிலிருந்து வந்து ரோமில் போதித்த பெலாகியு என்ற துறவிக்குத் தன்னைச் சுற்றியிருந்த கிறிஸ்தவர்களின் அசட்டையான வாழ்க்கை பொறுக்கவில்லை. முடியாத ஒன்றைக் கடவுள் கட்டளையிடமாட்டார், ஆகவே பாவமில்லாமல் வாழ மனிதனால் முடியும், முடியாது என்பது சாக்குப்போக்கு என்றார். சுயவிருப்பம், திருச்சட்டம், கிறிஸ்துவின் முன்மாதிரி ஆகியவையே அவருக்குக் கிருபை. இன்றைய அல்ஜீரியாவில் இருக்கும் ஹிப்போ நகரத்து ஆயர் அகுஸ்தீனார் (354–430) இதைக் கடுமையாக எதிர்த்தார். தன் இச்சைகளோடு ஆண்டுக்கணக்கில் போராடித் தோற்றவர் அவர். விருப்பமே நோயுற்றிருக்கும்போது விருப்பத்தை நம்பி என்ன பயன் என்பது அவருடைய வாதம். 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர் சங்கம் பெலாகியுவின் போதனையைக் கண்டித்தது. 529இல் பிரான்சின் தெற்கே ஆரஞ்சு நகரில் கூடிய சங்கம் இன்னும் ஓர் அடி மேலே போனது: விசுவாசம் வளர்வது மட்டுமன்றி, விசுவாசிக்க வேண்டும் என்ற முதல் ஆசையே கிருபையின் செயல் என்றது. யாரையும் தீமைக்கென்று கடவுள் முன்குறித்திருக்கிறார் என்ற எண்ணத்தையும் அதே சங்கம் நிராகரித்தது.

தமிழ் வாசகருக்கு இந்த நுணுக்கம் புதிதாக இருக்காது. "அவன் அருளாலே அவன் தாள் வணங்கி" என்று மாணிக்கவாசகர் பாடியிருக்கிறார். வணங்குவதற்கே அருள் வேண்டும். வைணவத்திலும் இதே போன்ற வழக்கு உண்டு. குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்கின் நியாயம் வடகலைக்கும், தாயே குட்டியைக் கவ்விக்கொண்டு போகும் பூனையின் நியாயம் தென்கலைக்கும் உரியவை. திருநெல்வேலியில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்று, 1894இல் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்ட எச். ஏ. கிருஷ்ணபிள்ளைக்கு இந்த வழக்கு பிறந்த வீட்டுச் சங்கதி. கர்மம், மறுபிறவி என்ற சட்டகத்தில் எழுந்த கேள்வியும், ஒரே பிறவி, ஜென்ம பாவம் என்ற சட்டகத்தில் எழுந்த கேள்வியும் ஒன்றல்லதான். ஆனால் இரண்டிலும் மனிதன் தவிக்கும் இடம் ஒன்றே: என்னுடைய பங்கு என்று ஏதாவது உண்டா, இல்லையா?

மார்ட்டின் லூத்தரும் அந்த இடத்தில்தான் தவித்தார். அகுஸ்தீனார் பெயரால் அமைந்த துறவற சபையில் இருந்த அவர், பாவசங்கீர்த்தனம் செய்து முடித்த மறுநிமிடமே இன்னொரு பாவத்தை நினைத்து நடுங்குகிறவராக இருந்தார். ரோமர் முதல் அதிகாரத்தில் பவுல் பேசும் தேவநீதி, தண்டிக்கும் நீதி அல்ல, விசுவாசிக்கிறவனுக்கு இனாமாகத் தரப்படும் நீதி என்று கண்டபோது, பரலோகத்தின் கதவு திறந்ததுபோல் இருந்தது என்று பிற்காலத்தில் எழுதினார். 1517இல் பாவத் தண்டனைக் குறைப்புச் சீட்டு விற்பனைக்கு எதிராக அவர் எழுதிய 95 கருத்துரைகள் நாடறிந்தவை. அதைவிட ஆழமான விஷயம் பிறகு தெளிவானது. கிறிஸ்துவின் நிமித்தம் பாவியை நீதிமான் என்று கடவுள் அறிவிக்கிறார். அந்த நீதி நமக்கு வெளியே, கிறிஸ்துவில் இருக்கிறது. விசுவாசம் அதைப் பெற்றுக்கொள்ளும் வெறுங்கை. எனவே விசுவாசி சாகும்வரை ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியுமாக இருக்கிறான். 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் நான்காம் பிரிவு, கிறிஸ்துவின் நிமித்தம் விசுவாசத்தால் இனாமாக நீதிமான் ஆக்கப்படுகிறோம் என்று சொல்கிறது.

கத்தோலிக்கத் திருச்சபை இதற்கு, இத்தாலியின் திரெந்து நகரில் கூடிய பொதுச்சங்கத்தில், 1547 ஜனவரி 13 அன்று, பதில் சொன்னது. அந்த ஆவணத்தை ஒருமுறையாவது படிக்காமல் கத்தோலிக்கர்களைக் குறை சொல்வது நியாயமில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். கண்டன விதிகளில் முதலாவதே இதுதான்: இயேசு கிறிஸ்து வழியாக வரும் அருள் இல்லாமல், தன் சொந்தச் செயல்களால் மனிதன் கடவுள் முன் நீதிமான் ஆகலாம் என்று சொல்கிறவன் சபிக்கப்பட்டவன். பெலாகியுவுக்கு அங்கே இடமே இல்லை. விசுவாசம் மீட்பின் தொடக்கமும் வேரும் என்றும், நீதிமான் ஆவதற்கு முன்னால் இருக்கும் எதுவும், விசுவாசமோ செயலோ, அந்த அருளைச் சம்பாதிக்க முடியாது என்றும் அதே ஆவணம் சொல்கிறது. லூத்தரோடு அது மோதும் இடம் வேறு. கடவுள் நம்மை நீதிமான் என்று அறிவிப்பதோடு நிற்பதில்லை, உள்ளபடியே நீதிமான் ஆக்குகிறார் என்கிறது திரெந்து. அருள் உள்ளத்தில் ஊற்றப்படுகிறது, அன்போடு சேர்ந்து உயிர் பெறுகிறது, வளர்கிறது, சாவான பாவம் எனப்படும் கனமான பாவத்தால் இழக்கப்படவும், பாவசங்கீர்த்தனம் என்ற ஒப்புரவு அருளடையாளத்தால் திரும்பக் கிடைக்கவும் செய்கிறது.

லூத்தர் நீதிமன்றத்தில் நின்று பேசுகிறார், திரெந்து மருத்துவமனையில் நின்று பேசுகிறது என்று சொன்னால் ஏறக்குறைய சரியாக இருக்கும். விடுதலைத் தீர்ப்பு ஒரே நொடியில் முழுமையாகக் கிடைக்கும். குணமடைவது நாள்பட நடக்கும், நோயாளி மருந்தை உட்கொண்டாக வேண்டும். தீர்ப்பைப் பற்றிப் பேசுகிறவரிடம் "மருந்து சாப்பிட்டீரா" என்று கேட்டால் அது கிருபையை அவமதிப்பதாக அவருக்குப் படும். சிகிச்சையில் இருப்பவரிடம் "முழுதும் குணமான தேதி என்ன" என்று கேட்டால் அவருக்குக் கேள்வியே விளங்காது.

புண்ணியப் பலன் என்ற சொல்லைக் கேட்டாலே சீர்திருத்தச் சபையாருக்குக் கூச்சம். ஆனால் புனிதர்களின் திருநாள்களில் பூசையில் சொல்லப்படும் தொடக்கவுரை ஒன்றில் அகுஸ்தீனாரின் பழைய கருத்து அப்படியே இருக்கிறது: புனிதர்களின் பேறுகளுக்கு நீர் முடிசூட்டும்போது உமது கொடைகளுக்கே முடிசூட்டுகிறீர். பெரியப்பா எத்தனையோ முறை அதைக் கேட்டு "ஆமென்" சொல்லியிருப்பார். பரிசு என்று கடவுள் தருவதெல்லாம் அவரே முன்னால் கொடுத்ததன் விளைச்சல் என்பதுதான் அதன் பொருள். சம்பளக் கணக்கு அதில் இல்லை. மக்களின் பக்திமுயற்சிகளில் கணக்குப் பார்க்கும் மனம் நுழைந்துவிடுவதுண்டு என்பதை மறுக்க முடியாது. இத்தனை நவநாள், இத்தனை மெழுகுவத்தி என்று பேரம் பேசுவதைக் கண்டிக்கும் பங்குத்தந்தையர் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். போதனையை ஒன்றாகவும் அதன் பழுதை இன்னொன்றாகவும் பார்க்கத் தெரிய வேண்டும்.

நிச்சயத்தைப் பற்றிய வேறுபாடு இதிலிருந்தே பிறக்கிறது. தான் அருள்நிலையில் இருப்பதாகத் தவறவே முடியாத விசுவாச உறுதியோடு யாரும் அறிய முடியாது என்கிறது திரெந்து. கடவுளின் இரக்கத்தில் ஐயமில்லை, தன் பலவீனத்தில்தான் ஐயம். 1431இல் ரூவான் நகர விசாரணையில் ஜோன் ஆப் ஆர்க்கிடம், நீ கடவுளின் அருளில் இருக்கிறாயா என்று கேட்டார்கள். ஆம் என்றால் ஆணவம், இல்லை என்றால் குற்ற ஒப்புதல்; அதற்காகவே விரித்த வலை அது. "இல்லையென்றால் கடவுள் என்னை அதில் சேர்ப்பாராக, இருந்தால் அதிலேயே வைத்திருப்பாராக" என்றாள் அந்தப் பெண். இன்றைய கத்தோலிக்க மறைக்கல்வி நூல் இந்தப் பதிலை எடுத்துக் காட்டுகிறது. பெரியப்பாவின் பதிலும் இந்த மரபில் வந்தது. அதைக் கோழைத்தனம் என்றோ செயலை நம்பியிருப்பது என்றோ எடுத்துக்கொள்வது பிழை. லூத்தரன் மரபிலோ நிச்சயம் கட்டாயம் வேண்டும். ஏனென்றால் விசுவாசி தன்னைப் பார்ப்பதில்லை, வாக்குத்தத்தத்தைப் பார்க்கிறான். வாக்குக் கொடுத்தவரைச் சந்தேகிப்பது அவரைப் பொய்யராக்குவது என்பார் லூத்தர்.

இந்த இடத்தில் நம்மில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. லுத்தரன் சபையையும் பெந்தெகொஸ்தே சபையையும் ஒரே கூடையில் போட்டு, "அவர்களும் விசுவாசம் மட்டும் என்கிறவர்கள்தானே" என்று கத்தோலிக்க உறவினர்கள் சொல்வார்கள். ஆனால் ஞானஸ்நானத் தொட்டியருகே வந்து பார்த்தால் நிலைமை தலைகீழ். பேச்சு வராத, பாலுக்கு மட்டும் அழத் தெரிந்த குழந்தையைப் போதகர் கையில் ஏந்தி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் தலையில் தண்ணீர் வார்க்கிறார். அந்தக் குழந்தை எதையும் செய்யவில்லை, எதையும் தீர்மானிக்கவில்லை. கிருபைக்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா என்று லுத்தரன் கேட்பார். கத்தோலிக்கரும் அதையே கேட்பார். பெந்தெகொஸ்தே சபையாரும் பாப்திஸ்து சபையாரும் இதை ஏற்பதில்லை. விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெறுகிறவன் என்ற வரிசையை அவர்கள் இம்மியும் மாற்றமாட்டார்கள். சொந்த வாயால் அறிக்கையிட்டு, முழுகி எழுவதே ஞானஸ்நானம். அதனால்தான் தம்பி மகள் இருபது வயதில் மறுபடி தண்ணீரில் இறங்குகிறாள், வீட்டில் அம்மா, "அப்படியானால் நாங்கள் கொடுத்தது என்ன?" என்று அழுகிறாள். மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் இறையியல் கண்ணீராக மாறும் இடங்களில் இதுவே முதன்மையானது. மகள் பெற்றோரை அவமதிக்க நினைக்கவில்லை. ஒரு கொடை, பெறுகிறவன் அறிந்து கைநீட்டும்போதே கொடையாக முழுமை பெறுகிறது என்று அவள் நம்புகிறாள். கைநீட்டத் தெரியாதவனுக்கே தரப்படுவதுதான் கொடை என்று அம்மா நம்புகிறாள். இரண்டு பேரும் கிருபையைத்தான் காப்பாற்றப் பார்க்கிறார்கள். இதற்கு நேர்மாறாக, மெதடிஸ்ட் மணமகள் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தால் அவளுக்கு மறுபடி திருமுழுக்குக் கொடுக்கமாட்டார்கள். திரித்துவப் பெயரால் தண்ணீரில் முறையாகத் தரப்பட்ட ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை செல்லுபடியானதாகவே ஏற்கிறது.

பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி ஜான் கால்வினின் மரபு தமிழ் மலேசியாவில் வேரூன்றிய சபையாக அதிகம் இல்லை. ஆனால் இணையப் பிரசங்கங்கள் வழியாக அது இளைஞர்களிடம் வந்து சேர்ந்துகொண்டே இருக்கிறது. 1618–19இல் நெதர்லாந்தின் டார்ட் நகரில் கூடிய சினோடு என்ற சபைச் சங்கம், கிருபையை மனிதன் மறுக்க முடியும் என்று போதித்த அர்மீனியுவின் சீடர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. உலகத்தோற்றத்துக்கு முன்பே கடவுள் தெரிந்துகொண்டவர்களைக் கிருபை தவறாமல் இழுத்துக்கொள்ளும், அவர்கள் இறுதிவரை விழுந்துபோகமாட்டார்கள் என்பது அதன் சாரம். "ஒருமுறை இரட்சிப்பு, என்றென்றும் இரட்சிப்பு" என்று மலிவாகச் சொல்லப்படுவது டார்ட்டின் போதனை அல்ல. தெரிந்துகொள்ளப்பட்டவன் பரிசுத்தத்தில் நிலைத்திருப்பான் என்றுதான் அது சொன்னது. நிலைத்திராதவனுக்கு அங்கே ஆறுதல் இல்லை.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி இதைக் கேட்டுக் கொதித்தவர். சிலரைக் காப்பாற்றவும் சிலரைக் கைவிடவும் முன்பே முடிவுசெய்த கடவுளை அன்பானவர் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டு, கால்வின் வழி நின்ற உற்ற நண்பர் வைட்பீல்டோடு பகிரங்கமாக மோதினார். பிரிக்பீல்ட்ஸ் வழியாக நடக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வரும் செய்தி ஒன்று: 1738 மே 24 மாலை, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சிறு கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்தபோதுதான் வெஸ்லியின் இதயம் அனல்கொண்டது. லூத்தரின் எழுத்துத்தான் மெதடிஸ்ட் எழுப்புதலுக்குத் தீ மூட்டியது. ஆனால் வெஸ்லி அங்கேயே நிற்கவில்லை. மனிதன் தேடுவதற்கு முன்பே எல்லா மனிதரிடமும் வேலை செய்யும் முந்திவரும் கிருபை, மன்னித்து நீதிமானாக்கும் கிருபை, பரிசுத்தமாக்கிக்கொண்டே போகும் கிருபை என்று அதை ஒரு பயணமாகவே விரித்தார். அந்தக் கிருபையை மனிதன் மறுக்கவும் முடியும், பெற்றதை இழக்கவும் முடியும். அன்பில் பூரணமாவது இந்த வாழ்விலேயே கூடும் என்றும் அவர் நம்பினார். பிலிப்பியர் இரண்டாம் அதிகாரம் அவருக்குத் திறவுகோல்: "உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்" என்று சொன்ன மூச்சிலேயே, விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே என்கிறார் பவுல். கடவுள் செயல்படுகிறார், ஆகவே உன்னால் செயல்பட முடியும். கடவுள் செயல்படுகிறார், ஆகவே நீ செயல்பட்டாக வேண்டும் என்று வெஸ்லி அதை விளக்கினார். திரெந்துக்கும் லூத்தருக்கும் இடையில் இவ்வளவு அழகாக நடந்தவர் வேறு யாரும் எனக்குத் தெரியவில்லை.

பிரிக்பீல்ட்ஸிலேயே மலையாளிகள் கூடும் ஆர்த்தடாக்ஸ் சிரியன் பேராலயம் இருக்கிறது. இந்தச் சண்டை எதிலும் அவர்களுக்குப் பங்கில்லை. அகுஸ்தீனாரும் அவர்களுக்கு ஆசான் அல்ல, லூத்தரும் எதிராளி அல்ல. கிழக்கத்திய மரபில் பாவம் முதலில் ஒரு நோய், மரணத்தின் பிடி; மீட்பு என்பது கடவுளின் உயிரில் பங்குகொள்வது. நாம் தெய்வத்தன்மை பெறும்படி அவர் மனிதரானார் என்று நான்காம் நூற்றாண்டில் அத்தனாசியுஸ் எழுதியது அவர்களுடைய ஆணிவேர். இரட்சிக்கப்பட்டாயா என்று கேட்டால், இரட்சிக்கப்பட்டேன், இரட்சிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறேன், இரட்சிக்கப்படுவேன் என்று மூன்று காலத்திலும் பதில் சொல்வார்கள். புதிய ஏற்பாடும் அந்த மூன்று காலங்களிலும் பேசுகிறது என்பதை மேற்கத்திய வழிவந்த நாம் மறந்துவிட்டோம்.

பெந்தெகொஸ்தே சபைகளுக்கு வருகிறேன். 1906இல் லாஸ் ஏஞ்சலிஸ் அசுசா தெருவில் பற்றிய எழுப்புதல், வெஸ்லியின் பரிசுத்தப் போதனை உழுதுவைத்த நிலத்தில்தான் வளர்ந்தது. ஆகவே மனந்திரும்புதலோடு கதை முடிவதில்லை. ஆவியின் அபிஷேகம் வேண்டும், வேறுபட்ட வாழ்க்கை வேண்டும். தமிழ்ச் சபைகள் சிலவற்றில் நகையைக் கழற்றுவது, சினிமாவை விடுவது, உபவாசம், இரவு ஜெபம் என்று ஒழுங்குகள் கடுமையானவை. கிரியையினால் அல்ல என்று உரக்கச் சொல்கிறவர்களே இத்தனை கடுமையாக வாழ்கிறார்களே என்று வெளியே இருப்பவர்கள் வியப்பார்கள். இவை வேர் அல்ல, கனி என்பது அவர்கள் பதில். அந்தப் பதில் நேர்மையானது. ஆனால் கனி குறைந்தால் வேரே இல்லையோ என்ற பயம் அங்கேயும் இளம் உள்ளங்களை அரிக்கிறது. லூத்தரின் மடத்து அறைப் பயம் வேறு உடை தரித்து வந்ததுபோல.

இந்தப் பயத்துக்கு மருந்தாகத்தான், சிங்கப்பூர் நியூ கிரியேஷன் சபையின் ஜோசப் பிரின்ஸ் போன்றவர்களின் கிருபைப் போதனை இங்கே இத்தனை வேகமாகப் பரவியது என்று நினைக்கிறேன். விசுவாசியின் கடந்த, நிகழ், வருங்காலப் பாவங்கள் எல்லாம் சிலுவையில் மன்னிக்கப்பட்டுவிட்டன, மன்னிப்புக்காகத் திரும்பத் திரும்ப அறிக்கையிட வேண்டியதில்லை என்பது அது. களைத்துப்போனவர்களுக்கு அது தந்த ஆறுதலை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் லூத்தர் இருக்கும்போதே ஜொகான் அக்ரிகோலா என்ற அவருடைய சீடர், விசுவாசிக்கு நியாயப்பிரமாணம் தேவையில்லை என்று போதிக்க, 1537 முதல் 1540 வரை லூத்தரே அவருக்கு எதிராகத் தர்க்கங்களை நடத்தினார். கிறிஸ்தவனின் வாழ்நாள் முழுவதுமே மனந்திரும்புதல் என்பது 95 கருத்துரைகளில் முதலாவது. அதை அவர் கடைசிவரை விடவில்லை.

தமிழ் மண்ணில் இந்தச் சண்டைக்கு வயது முந்நூறு. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, லுத்தரன் மரபின் முதல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். அந்த வேலை 1715இல் நிறைவேறியது. தேம்பாவணி பாடிய கத்தோலிக்கக் குரு வீரமாமுனிவர் வேதவிளக்கம், பேதகம் மறுத்தல், லுத்தேரினத்தியல்பு ஆகிய உரைநடை நூல்களில் அந்த மரபைக் கடுமையாகத் தாக்கினார். தரங்கம்பாடியார் சும்மா இருக்கவில்லை. தோட்டத்துக்கும் ரயில்வேக்கும் கப்பலேறி மலாயா வந்த தமிழர்கள் தங்கள் வேதப் புத்தகத்தோடும் செபமாலையோடும் இந்த வழக்கையும் சுமந்துகொண்டுதான் வந்தார்கள்.

ஆனால் வழக்கில் ஒரு பெரிய சமரசம் ஏற்பட்டு கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில், வத்திக்கானும் லுத்தரன் உலகச் சம்மேளனமும் நீதிமானாக்கப்படுதல் குறித்த கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம்முடைய எந்தத் தகுதியினாலும் அல்ல, கிருபையினால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில் கடவுளால் ஏற்றுக்கொள்ளப்பட்டு, இதயத்தைப் புதுப்பித்து நற்செயலுக்கு ஆயத்தமாக்கும் பரிசுத்த ஆவியைப் பெறுகிறோம் என்று இரு தரப்பும் சேர்ந்து அறிக்கையிட்டன. பதினாறாம் நூற்றாண்டின் பரஸ்பரக் கண்டனங்கள், இந்த அறிக்கையில் சொல்லப்பட்ட போதனைக்குப் பொருந்தாது என்றும் ஒப்புக்கொண்டன. 2006இல் சியோல் நகரில் உலக மெதடிஸ்ட் மன்றமும், 2017இல் விட்டன்பர்க்கில் சீர்திருத்தச் சபைகளின் உலக ஐக்கியமும் இதில் இணைந்தன. ஜெர்மானிய இறையியல் பேராசிரியர்கள் பலர் எதிர்த்ததும் உண்மை; எல்லா வேறுபாடும் தீர்ந்துவிட்டதாக அறிக்கையே சொல்லவில்லை. ஆனாலும் இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். மலேசிய லுத்தரன் சபையும் மெதடிஸ்ட் சபையும் அந்த உலக அமைப்புகளின் உறுப்பினர்கள். புடு அந்தோணியார் ஆலயம், சீயோன் பேராலயம், தமிழ் மெதடிஸ்ட் சபை மூன்றையும் ஒரே அறிக்கை கட்டுகிறது. நான் கேட்டவரையில் எந்தப் பிரசங்க பீடத்திலும் இது சொல்லப்பட்டதில்லை. சொல்லப்பட வேண்டும். ஐந்நூறு வருடக் கசப்பைத் தலைவர்கள் தணித்துவிட்டார்கள், செய்தி மட்டும் இன்னும் பந்தி மேசைக்கு வந்து சேரவில்லை.

தீராமல் நிற்பவற்றில் இறந்தோருக்கான செபமும் ஒன்று. நவம்பர் 2 அன்று கல்லறையைக் கழுவிப் பூவைத்து, மெழுகுவத்தி ஏற்றி, கத்தோலிக்கக் குடும்பம் செபிக்கிறது. முப்பதாம் நாளுக்கும் ஆண்டு நினைவுக்கும் பூசைக்குப் பெயர் கொடுக்கிறது. உத்தரிப்பு நிலை என்பது நரகத்துக்கும் மோட்சத்துக்கும் நடுவே இருக்கும் இரண்டாம் வாய்ப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. அருளில் இறந்து மீட்பு உறுதியானவர்கள், கடவுளைக் காண்பதற்கு முன் அடையும் தூய்மை அது. சிகிச்சை முழுமையாக வேண்டும் என்ற பார்வையிலிருந்து நேராக வருவது. தீர்ப்பு ஏற்கெனவே முழுமையாகிவிட்டது என்று நம்பும் சபைகளில் அதற்கு இடமில்லை. அங்கே அதே மனிதருக்கு ஸ்தோத்திரக் கூட்டம் வைத்து, அவர் வாழ்வுக்காக நன்றி சொல்லி, குடும்பத்துக்காக ஜெபிப்பார்கள். கிழக்கத்தியர்கள் உத்தரிப்பு நிலையை வரையறுக்காமலே இறந்தோருக்காகச் செபிக்கிறார்கள்.

இதைவிடக் கூர்மையான கேள்வி ஒன்று உண்டு. அது நம் ஊருக்கே உரியது. மலேசியத் தமிழ்க் கிறிஸ்தவர்களில் இந்து உறவு இல்லாத வீடு அநேகமாகக் கிடையாது. பினாங்கு மாநிலத்தின் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவில், ஜூலை மாதக் கடைசியில், மெழுகுவத்தி ஏந்தி நிற்கும் கூட்டத்தில் நெற்றியில் திருநீறு பூசியவர்களையும் பார்க்கலாம். பாட்டி கடைசிவரை மாரியம்மனைக் கும்பிட்டவள். பேரப்பிள்ளைகளுக்கு வேத வசனம் மனப்பாடமாவதற்கு விளக்கேற்றி வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தவளும் அவள்தான். அவளுக்கு மீட்பு உண்டா?

திருச்சபைக்கு வெளியே மீட்பில்லை என்ற பழைய வாக்கியத்தைக் கண்டிப்பாகப் பிடித்துக்கொண்ட பாஸ்டன் குரு லியோனார்டு பீனியின் விளக்கத்தை 1949இல் ரோமே திருத்தியது. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தம் குற்றமில்லாமல் நற்செய்தியை அறியாதிருந்து, கடவுளை நேர்மையான உள்ளத்தோடு தேடி, அருளின் தூண்டுதலால் மனச்சாட்சியின்படி வாழ முயல்கிறவர்கள் மீட்படைய முடியும் என்று எழுதியது. அவர்களைக் காப்பாற்றுவது அவர்களுடைய நற்குணம் என்று அது சொல்லவில்லை. அவர்களையும் தொடுவது கிறிஸ்துவின் அருளே என்றது. பெந்தெகொஸ்தே சபையார் இதை ஏற்கத் தயங்குகிறார்கள். கேள்விப்படாதவரில் எப்படி விசுவாசம் வைப்பார்கள் என்று ரோமர் பத்தாம் அதிகாரத்தைக் காட்டுகிறார்கள். அந்தத் தயக்கத்தில் அன்பு இருக்கிறது. பாட்டி மருத்துவமனையில் கிடந்தபோது வேலை முடிந்து தினமும் போய்க் கட்டிலருகே முழங்காலிட்ட பிள்ளைகள் பலரும் அந்தச் சபைகளிலிருந்து வந்தவர்கள்தான்.

நான் சாய்வது வெஸ்லி பக்கம். வெளியே இருக்கிறவர்களை நியாயந்தீர்க்க வேதம் தனக்கு அதிகாரம் தரவில்லை என்று முதுமையில் அவர் எழுதினார். அதற்கு அடிப்படை அவருடைய 1785ஆம் ஆண்டுப் பிரசங்கம் ஒன்றில் இருக்கிறது: கிருபை அறவே இல்லாத மனிதன் ஒருவனும் உயிரோடு இல்லை; மனச்சாட்சி என்று நாம் இயல்பானதுபோல் சொல்வது உண்மையில் இயற்கையானதல்ல, அதுவே முந்திவரும் கிருபை. ஆரஞ்சு சங்கம் சொன்னதை இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். நன்மையை நோக்கி எழும் முதல் ஆசையே கிருபை என்றால், அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் பசி என்று தன் தட்டுச் சோற்றை எடுத்துக் கொடுத்த பாட்டியிடம் அது ஏற்கெனவே வந்திருந்தது. அவளுக்காக நன்றி செலுத்தவும், அவளைக் கிறிஸ்துவின் கையில் ஒப்புக்கொடுத்துச் செபிக்கவும் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.